கிளிங்கர்: செலவும் கார்பனும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன

சூளையடி (இழையைத் தொடங்கியவர்)

சிமென்ட் ஆலைகளின் கார்பன் உமிழ்வு என்றாலே சோலார் பேனல், காற்றாலை, குப்பை எரிபொருள் என்று பேச்சு போய்விடுகிறது. கில்ன் (சிமென்ட் ஆலையின் சூளை) பக்கம் வேலை பார்ப்பவன் என்ற முறையில் எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது. பிரச்சினையின் பெரும்பகுதி எரிபொருளில் இல்லை, சுண்ணாம்புக் கல்லுக்குள் (கால்சியம் கார்பனேட்) இருக்கிறது.

கணக்கு எளிது. 100 கிலோ சுத்தமான கால்சியம் கார்பனேட்டைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு நிற்கும், 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும். கில்னில் சுட்டெடுத்து, பிறகு சிமென்ட்டாக அரைக்கும் கட்டிகள்தான் கிளிங்கர். அதில் சுண்ணாம்பு ஏறக்குறைய 65 சதவீதம். அதனால் ஒரு டன் கிளிங்கர் செய்தாலே கல்லிலிருந்து மட்டும், அதில் கொஞ்சம் கலந்திருக்கும் மக்னீசியம் கார்பனேட்டையும் சேர்த்து, 0.53 டன் அளவுக்கு வெளியேறும். நிலக்கரி போட்டாலும் விறகு போட்டாலும் ஹைட்ரஜன் போட்டாலும் இந்த எண் மாறாது.

எரிபொருள் தனி. நம் ஊரில் நன்றாக ஓடும் ஆறு அடுக்கு பிரீஹீட்டர் (கல்தூளை முன்சூடாக்கும் கோபுரம்) உள்ள கில்ன் ஒரு கிலோ கிளிங்கருக்கு 700 முதல் 720 கிலோகலோரி எடுக்கும். பெட்கோக் (எண்ணெய் சுத்திகரிப்பில் மிஞ்சும் கரி) போட்டால் அதிலிருந்து 0.29 டன். இரண்டையும் சேர்த்தால் டன்னுக்கு 0.82 டன். அதாவது மூன்றில் இரண்டு பங்கு கல், ஒரு பங்கு தீ.

தீயைக் குறைக்க இன்னும் இடம் இருக்கிறதா? வேதியியல்படி கிளிங்கர் உருவாக 420 கிலோகலோரி போதும். மிச்சம் சிம்னி வாயுவிலும் கூலர் காற்றிலும் கில்ன் ஓட்டின் சூட்டிலும் போகிறது. அதைப் பிடிக்கத்தான் கழிவு வெப்ப மின்நிலையம் வைத்து டன்னுக்கு 30 யூனிட் அளவில் எடுக்கிறோம். இதற்கு மேல் கசக்கினால் 20 கிலோகலோரி குறையலாம். அதன் பலன் டன் கிளிங்கருக்கு 8 கிலோ கார்பன் டை ஆக்சைடு.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணை வையுங்கள். சிமென்ட்டில் கிளிங்கரின் பங்கை 5 சதவீதப் புள்ளி குறைத்து அந்த இடத்தில் அனல் மின்நிலையச் சாம்பலோ இரும்பு உருக்கும்போது வரும் ஸ்லாக்கோ (கசடு) போட்டால், டன் சிமென்ட்டுக்கு 41 கிலோ குறைகிறது. செலவும் சேர்ந்தே இறங்குகிறது. என் வாதம் இதுதான்: குறைக்க வேண்டியது மூட்டைக்குள் போகும் கிளிங்கரை. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

---

புதுவாசகர்

ஒரு அடிப்படைக் கேள்வி. கில்னை மின்சாரத்தில் ஓட்டினால், அந்த மின்சாரம் சோலாரில் வந்தால், எரிபொருள் பங்காவது முழுசாகப் போய்விடுமே?

---

சூளையடி

தாராளமாகப் போகும். ஆனால் 1450 டிகிரியைத் தொடர்ச்சியாக, நாளுக்கு ஆயிரக்கணக்கான டன் அளவில், இரவும் பகலும் மின்சாரத்தில் தர வேண்டும். கல்லிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிரிக்கும் கால்சினர் 900 டிகிரியில் வேலை செய்கிறது, அங்கே மின்சாரம் நுழைய வாய்ப்பு அதிகம். கிளிங்கர் உருவாகும் எரியும் மண்டலம் கடினம். செலவைப் பாருங்கள்: 720 கிலோகலோரி என்றால் டன்னுக்கு கிட்டத்தட்ட 840 யூனிட். யூனிட் 5 ரூபாய்க்குக் கிடைத்தாலும் 4,200 ரூபாய். இன்று எரிபொருளுக்கு ஆவது அதில் கால்பங்கு. அவ்வளவும் செய்து முடித்த பிறகும் கல்லிலிருந்து வரும் 0.53 டன் அப்படியே நிற்கும்.

---

மூட்டைக்கணக்கு

செலவுப் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன், காஸ்ட்டிங் (செலவுக் கணக்கு) என் தொழில். சூளையடி சார் சொன்ன கால்பங்கு சரிதான். 1000 கிலோகலோரிக்கு 1.50 ரூபாய் என்று வைத்தால் டன் கிளிங்கருக்கு எரிபொருள் 1,080 ரூபாய். இது பெட்கோக் விலையோடும் டாலரோடும் ஏறி இறங்கும். 2022இல் உக்ரைன் போருக்குப் பிறகு எல்லா ஆலைகளுக்கும் மூச்சு முட்டியது இந்தச் செலவில்தான்.

ஆனால் தமிழ்நாட்டில் சமீபத்தில் பெரிதாகிவிட்ட செலவு வேறொன்று. ஒரு டன் கிளிங்கருக்கு ஒன்றரை டன் சுண்ணாம்புக் கல் வேண்டும். கல்லுக்கு ராயல்டி டன்னுக்கு 80 ரூபாய். பழைய குத்தகை என்றால் மாவட்டக் கனிம நிதிக்கு ராயல்டியில் 30 சதவீதம், அதாவது 24 ரூபாய். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, கனிமம் உள்ள நிலத்துக்கு மாநிலங்கள் வரி போடலாம் என்று தீர்ப்பளித்தது. அதையடுத்து தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்து, 2025 ஏப்ரலிலிருந்து சுண்ணாம்புக் கல்லுக்கு டன்னுக்கு 160 ரூபாய் வசூலிக்கிறது.

கூட்டிப் பார்த்தால் 264 ரூபாய், ஒன்றரை டன்னுக்கு 396. எரிபொருள் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், கல்லை வெட்டி உடைக்கும் கூலி சேராமலேயே!

இதில் நான் கவனிக்கச் சொல்வது ஒன்று உண்டு. அந்த 160 ரூபாய் கிட்டத்தட்ட ஒரு கார்பன் வரி மாதிரியே வேலை செய்கிறது. ஒரு டன் கல் கில்னுக்குள் போனால் 0.35 டன் கார்பன் டை ஆக்சைடு வரும். அப்படியானால் டன் கார்பனுக்கு 450 ரூபாய். யாரும் அந்த நோக்கத்தோடு போடவில்லை, மாநில வருவாய்க்காகப் போட்டது. ஆனாலும் கிளிங்கர் குறைவாக உள்ள மூட்டைக்குக் குறைவாகத்தான் விழுகிறது. 95 சதவீதம் கிளிங்கர் உள்ள ஓபிசி (சாதாரண போர்ட்லாண்ட் சிமென்ட்) மூட்டைக்கு 11 ரூபாய் 40 காசு, 65 சதவீதம் உள்ள பிபிசிக்கு (சாம்பல் கலந்த சிமென்ட்) 7 ரூபாய் 80 காசு.

---

அரியலூர்க்காரன்

மூட்டைக்கணக்கு சார், காகிதத்தில் அது சரி. இங்கே தரையில் நடக்கக்கூடியதையும் பாருங்கள். வரி தமிழ்நாட்டுக் கல்லுக்குத்தான். ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் கில்ன் உள்ள கம்பெனி, அங்கேயே கிளிங்கர் சுட்டு ரயிலில் ஏற்றி, இங்கே அரைக்கும் ஆலையில் அரைத்து மூட்டை போடலாம். சென்னைப் பக்கச் சந்தைக்கு அது கட்டுப்படியாகும். அப்போது கார்பன் ஒரு கிலோகூடக் குறையாது, மாநில எல்லையைத் தாண்டி நிற்கும், அவ்வளவுதான். கூடவே சரக்கு ரயில் செலவு வேறு.

கடல் இருந்த காலத்துச் சிப்பியும் நத்தையும் படிந்த கல் எங்கள் ஊரில் இருப்பதால்தான் இத்தனை ஆலைகள் வந்தன. தோண்டி முடித்த குழிகள் குளம் மாதிரி தண்ணீர் நிரம்பிக் கிடக்கின்றன. சுண்ணாம்புக் கல் லாரிகள் போகும் சாலையில் சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளை நினைத்தால் பகீர் என்கிறது. 160 ரூபாயில் ஒரு பகுதியாவது இந்த மாவட்டத்துக்கே திரும்பி வர வேண்டும் என்பது என் கோரிக்கை.

இன்னொன்று. சென்னைக் குப்பைமேடுகளைக் கிளறி எடுத்த பிளாஸ்டிக், துணிக் கழிவை லாரி லாரியாக இங்கே கொண்டுவந்து எரிப்பதைத்தான் பசுமை எரிபொருள் என்கிறார்கள். 250 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி வந்து எங்கள் காற்றில் எரிப்பது யாருக்குப் பசுமை? சூளையடி அண்ணன் நேர்மையாகப் பதில் சொல்லுங்கள்.

---

சூளையடி

சொல்கிறேன் தம்பி.

பயன் உண்டு. குப்பைமேட்டில் கிடந்தால் அதில் மக்கக்கூடியது மீத்தேன் ஆகும், தீப்பிடித்தால் ஊரே புகையாகும். கில்னில் வாயு வெப்பம் 1,800 டிகிரிக்கு மேல் போகிறது, சாம்பல் தனியாக மிஞ்சாமல் கிளிங்கரோடு சேர்ந்துவிடும். ஒரு சாதாரண எரிஉலையைவிட இது மேல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஜெர்மனியில் கில்ன் வெப்பத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இப்படித்தான் வருகிறது. நாம் இன்னும் பத்து சதவீதத்தைக்கூட எட்டவில்லை.

தொல்லை எங்கே என்றால், நமக்கு வருவது பிரிக்காத குப்பை. ஈரம் அதிகம், மண் அதிகம், பிவிசி கலந்து வருவதால் குளோரின் அதிகம். குளோரின் பிரீஹீட்டருக்குள் சுற்றிச் சுற்றி வந்து சுவரில் ஒட்டும், அதிலுள்ள சைக்ளோன் என்ற புனல் வடிவ அறைகள் அடைத்துக்கொள்ளும். அடைப்பை எடுக்க கில்னை நிறுத்தி மறுபடி சூடேற்றினால், குப்பை போட்டு மிச்சம் பிடித்ததைவிட அதிக எரிபொருள் போய்விடும். அந்த அடைப்பை எடுப்பவர்களுக்குத்தான் தீக்காய ஆபத்து, இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

காற்றைப் பற்றி: குப்பை எரிக்கும் சிமென்ட் கில்னுக்கு டயாக்சின் (குளோரின் உள்ள குப்பை எரியும்போது உண்டாகக்கூடிய நச்சு) வரம்பு ஒரு கனமீட்டருக்கு 0.1 நானோகிராம். தூசியையும் நைட்ரஜன் ஆக்சைடையும் சிம்னியில் நொடிக்கு நொடி அளக்கலாம். டயாக்சினை அப்படி அளக்க முடியாது, மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த முடிவுகளை ஊராட்சி அலுவலகத்தில் தமிழில் ஒட்ட வேண்டும் என்று நீங்கள் கேட்டால் நான் உங்கள் பக்கம்தான்.

ஆனால் இதெல்லாம் மூன்றில் ஒரு பங்கு விவகாரம். கல்லைத் தொடவில்லை.

---

சைட்_இன்ஜினியர்

எல்லாரும் கிளிங்கரைக் குறை என்கிறீர்கள், சைட்டில் வந்து பாருங்கள். வீட்டுக்காரர் முதலில் கேட்பது "53 கிரேடு தானே?" என்பதுதான். மேஸ்திரிக்கும் அதுதான் பிடிக்கும், சீக்கிரம் இறுகும், சென்ட்ரிங்கை அடுத்த சைட்டுக்குக் கொண்டுபோகலாம். சென்ட்ரிங் பலகைக்கு நாள் வாடகை ஓடிக்கொண்டிருக்கிறது.

எண்களையே தருகிறேன். 53 கிரேடு ஓபிசி 7 நாளில் குறைந்தது 37, 28 நாளில் 53 மெகாபாஸ்கல் வலிமை காட்ட வேண்டும். பிபிசிக்குத் தரநிலை கேட்பது 7 நாளில் 22, 28 நாளில் 33. சந்தையில் வரும் நல்ல பிபிசி இதைவிட வெகுவாக மேலே இருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் மூட்டையில் அச்சடித்த எண்ணைத்தான் ஆள் பார்க்கிறார்.

அதோடு கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 456இல் உள்ள பலகை பிரிக்கும் நாட்கள் (4.5 மீட்டர் வரையுள்ள தளத்துக்கு முட்டு 7 நாள், அதற்கு மேல் 14 நாள்) ஓபிசியை வைத்துச் சொன்னவை. கான்கிரீட்டை நனைத்து வைக்கும் நீராற்றும் காலமும் அப்படித்தான். ஓபிசிக்கு 7 நாள் என்றால் பிபிசிக்கு 10 நாள், வெயில் காய்கிற ஊரில் 14 நாள். சித்திரை மாதம் திருச்சியில் 14 நாள் தண்ணீர் ஊற்ற யார் தயார்? தண்ணீர் லாரிக்கு யார் கொடுப்பது? கிளிங்கரில் குறைந்த பணம் அங்கே செலவாகிறது.

---

மூட்டைக்கணக்கு

சார் சொல்வதில் நியாயம் உண்டு, ஆனால் எல்லா வேலைக்கும் அந்த நியாயம் பொருந்தாது. ஒரு வீட்டில் செங்கல் கட்டு, பூச்சு, தரைக்கு அடியில் போடும் பிசிசி (கம்பி இல்லாத கான்கிரீட்) இவற்றிலேயே கணிசமான மூட்டை போய்விடுகிறது. அங்கே எந்தப் பலகையும் காத்திருக்கவில்லை. பூச்சுக்கு 53 கிரேடு போட்டால் முடி போன்ற மெல்லிய வெடிப்புதான் அதிகம் வரும். விலை கூடுதலாகக் கொடுத்து வெடிப்பு வாங்குகிறார்கள்.

சூளையடி சாரின் எண்களோடு அரவை மின்சாரத்தையும் சேர்த்தால், ஓபிசி மூட்டைக்குக் கிட்டத்தட்ட 42 கிலோ கார்பன் டை ஆக்சைடு, பிபிசி மூட்டைக்கு 29 கிலோ. ஒரு மூட்டைக்கு 13 கிலோ வித்தியாசம். பூச்சு வேலைக்கு மட்டும் மாற்றினாலும், புதுத் தொழில்நுட்பம் எதுவும் இல்லாமலே கிடைக்கும் குறைப்பு இது.

---

சைட்_இன்ஜினியர்

பூச்சுக்கும் கட்டுக்கும் பிபிசி, ஏற்கிறேன். நானும் அதைத்தான் எழுதுகிறேன். தளத்துக்கும் தூணுக்கும்தான் என் கேள்வி.

---

நெய்வேலிப்பெண்

நிலவியல் படித்தவள். எல்லாரும் சாம்பல் எப்போதும் கிடைக்கும் என்ற எண்ணத்தில் பேசுகிறீர்கள். பிபிசிக்கான சாம்பல் தூத்துக்குடி, மேட்டூர், வடசென்னை மாதிரியான அனல் மின்நிலையங்களிலிருந்து பல்கரில் (தூள் ஏற்றும் டாங்கர் லாரி) வருகிறது. காற்றாலை சீசனில் அனல் உற்பத்தியைக் குறைத்தால் சாம்பலும் குறையும். நீண்ட காலத்தில் நிலக்கரி மின்சாரத்தை விடத்தான் போகிறோம். அப்போது பிபிசிக்கு எது வரும்? ஸ்லாக்கும் அப்படித்தான், இரும்பு உருக்கும் முறை மாறினால் அதுவும் போய்விடும்.

அதனால்தான் எல்சி3 என்ற புது வகைக் கலப்பு சிமென்ட் முக்கியம் என்கிறேன். 50 சதவீதம் கிளிங்கர், 30 சதவீதம் சுட்ட களிமண், 15 சதவீதம் சுடாத சுண்ணாம்புக் கல், 5 சதவீதம் ஜிப்சம். களிமண்ணை 700 முதல் 850 டிகிரியில் சுட்டால் போதும். அதிலிருந்து வெளியேறுவது நீராவி, கார்பன் இல்லை. சுவிட்சர்லாந்தின் லொசான் தொழில்நுட்பக் கழகத்தோடு சேர்ந்து டெல்லி ஐஐடியும் சென்னை ஐஐடியும் பல வருடமாக இதில் வேலை செய்தன. 2023இல் ஐஎஸ் 18189 என்று தரநிலையும் வந்துவிட்டது. களிமண்ணில் கயோலினைட் என்ற கனிமம் 40 சதவீதம் இருந்தால் போதும், பீங்கானுக்கு ஆகாத மட்டமான மண்கூட இதற்கு ஆகும். நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே இருக்கும் மண்ணிலேயே கயோலின் களிமண் உண்டு. அரியலூருக்கு அது வெகுதூரமும் இல்லை.

---

சூளையடி

நல்ல இடத்துக்குக் கொண்டுவந்தீர்கள் அம்மா. எல்சி3யை நானும் ஆதரிக்கிறேன். ஆனால் அதைப் பற்றிப் பொதுவாக "40 சதவீதம் கார்பன் குறைப்பு" என்று சொல்லும்போது எதோடு ஒப்பிட்டு என்பதையும் சொல்ல வேண்டும். அது ஓபிசியோடு ஒப்பிட்ட எண். பிபிசியோடு வைத்துப் பாருங்கள்: பாதி கிளிங்கருக்கு 0.41 டன், களிமண் சுடும் எரிபொருளுக்கு 0.07, அரவைக்கு 0.05. மொத்தம் 0.53. பிபிசி 0.59. வித்தியாசம் பத்து சதவீதம்.

இந்தியாவில் பாதிக்கு மேல் ஏற்கெனவே கலப்பு சிமென்ட்தான். அதனால் இங்கே எல்சி3யின் மதிப்பு நீங்கள் சொன்ன முதல் காரணத்தில்தான் இருக்கிறது: சாம்பல் தீரும்போது கிளிங்கர் பங்கு மறுபடி ஏறாமல் பிடித்து நிறுத்தும். சைட்_இன்ஜினியர் கேட்ட ஆரம்ப வலிமையும் இதில் பிபிசியைவிட நன்றாக வருகிறது, தளத்துக்கும் தூணுக்கும் இது பதிலாகலாம். குறை என்றால் தண்ணீர் அதிகம் கேட்கும், நல்ல அட்மிக்சர் (கலவையை இளக்கும் ரசாயனம்) இல்லாமல் மேஸ்திரி கையில் இழுபடும்.

---

அரியலூர்க்காரன்

களிமண்ணுக்கு இன்னொரு குழி தோண்டப் போகிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

---

நெய்வேலிப்பெண்

அண்ணா, அதனால்தான் சுரங்க மேல்மண்ணைச் சொன்னேன். அது எப்படியும் தோண்டி ஓரமாகக் குவிக்கப்படுகிறது. புதுக் குழி வேண்டாம். பிரித்தெடுத்து விற்க விதிகள் இடம் தர வேண்டும், அதுதான் வேலை.

---

மூட்டைக்கணக்கு

அரசு என்ன சமிக்ஞை தருகிறது என்பதையும் பார்ப்போம், அங்கே ஒரு முரண் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 அன்று சிமென்ட்டுக்கு ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமானது. அதே நாளில் நிலக்கரிக்கு 5இலிருந்து 18 ஆனது, டன்னுக்கு 400 ரூபாயாக இருந்த செஸ் (தனிக் கூடுதல் வரி) நீக்கப்பட்டது. மேலோட்டமாகப் பார்த்தால் நிலக்கரிக்கு வரி கூடியது மாதிரி தெரியும். ஆலைக்கு அப்படி இல்லை. அந்த 18 சதவீதத்தை சிமென்ட் மீதான வரியில் கழித்துக்கொள்ளலாம். செஸ்ஸைக் கழிக்க வழியே கிடையாது, ஏனென்றால் சிமென்ட்டுக்கு செஸ் இல்லை. ஆக ஆலைக்கு நிலக்கரி டன்னுக்கு 400 ரூபாய் மலிவாகிவிட்டது. 2010இல் சுற்றுச்சூழல் பெயரால் 50 ரூபாயில் தொடங்கி வளர்ந்த வரி அது.

இன்னொரு பக்கம் மத்திய அரசின் கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டம்: இலக்கைவிட அதிகம் குறைத்த ஆலை கிரெடிட்டை விற்கலாம், எட்டாத ஆலை வாங்க வேண்டும். 2025 அக்டோபரில் சிமென்ட் உள்ளிட்ட நான்கு துறைகளுக்கு ஆலைவாரியாக இலக்கு அறிவித்தார்கள். 2023-24 அடிப்படை ஆண்டு, 2025-26க்கும் 2026-27க்கும் இலக்கு. இது டன் உற்பத்திக்கு எவ்வளவு உமிழ்வு என்பதற்கான இலக்கு, மொத்த உமிழ்வுக்கு மேல்வரம்பு கிடையாது. ஆனாலும் முதல் முறையாகக் கார்பனுக்கு என்று ஒரு விலை ஆலையின் கணக்குப் புத்தகத்தில் ஏறப் போகிறது. அதை நான் வரவேற்கிறேன்.

---

புதுவாசகர்

கல்லிலிருந்து வருவதைத் தடுக்கவே முடியாது என்றால், சிம்னியிலேயே பிடித்துவிட முடியாதா?

---

சூளையடி

பிடிக்கலாம், நார்வேயில் பிடிக்கிறார்கள். பிரெவிக் ஆலையில் 2025 ஜூனில் திறந்த பிரிவு ஆண்டுக்கு 4 லட்சம் டன் பிடிக்கும், அந்த ஆலையின் உமிழ்வில் பாதி. கப்பலில் ஏற்றி வட கடலுக்கு அடியில் செலுத்துகிறார்கள். செலவில் பெரும்பங்கு நார்வே அரசுடையது.

ஏன் பாதி மட்டும்? கார்பனைப் பிடிக்கும் அமீன் கரைசலை மறுபடி சூடாக்கி அதிலிருந்து வாயுவைப் பிரிக்க வேண்டும். ஒரு டன் பிரிக்க ஆகும் வெப்பம், கிட்டத்தட்ட ஒரு டன் கிளிங்கர் சுட ஆகும் வெப்பத்துக்குச் சமம். பிரெவிக்கில் ஆலையின் கழிவு வெப்பம் எவ்வளவுக்குப் போதுமோ அவ்வளவு பிடிக்கிறார்கள். நம் ஆலைகளில் அந்தக் கழிவு வெப்பத்தை ஏற்கெனவே மின்சாரமாக்கிவிட்டோம். பிடிக்க வேண்டுமென்றால் அந்த மின்சாரத்தை விட வேண்டும், அல்லது புதிதாக எரிக்க வேண்டும்.

பணத்தில் பார்த்தால், டன் கார்பனைப் பிடித்துப் புதைக்க 6,000 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். பிபிசி மூட்டைக்கு 160 ரூபாய் ஏறும். புதைக்க இடமும் வேண்டும். காவிரிப் படுகையில் அப்படி ஒரு கிடங்கு இன்று இயங்கவில்லை. 2019இல் டால்மியா சிமென்ட் நிறுவனம் தன் தமிழ்நாட்டு ஆலையில் ஆண்டுக்கு 5 லட்சம் டன் பிடிக்கும் திட்டத்தை அறிவித்தது. 2025இல் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை சிமென்ட்டுக்கென்று ஐந்து சோதனைத் தளங்களை அறிவித்திருக்கிறது. இந்த ஆராய்ச்சி நடக்கத்தான் வேண்டும். ஆனால் 160 ரூபாயை வீடு கட்டுபவர் தலையில் வைப்பதற்கு முன்னால், மிச்சம் தரும் வழிகளை முடித்துவிட வேண்டும். கிளிங்கரைக் குறைத்தால் பிடிக்க வேண்டிய கார்பனும் குறையும்.

---

அரியலூர்க்காரன்

இது ஏற்கத்தக்க வரிசை. என் பங்குக்கு, கனிம நில வரியில் மாவட்டப் பங்கு, டயாக்சின் அறிக்கை ஒட்டுவது இரண்டையும் அடுத்த கிராம சபையில் தீர்மானமாக வைக்கப் போகிறேன். அளவுகளைப் புரியும்படி எழுத சூளையடி அண்ணன் உதவ வேண்டும்.

---

சூளையடி

கண்டிப்பாக. தனி மடலில் அனுப்புங்கள். சைட்_இன்ஜினியர் சார், உங்களிடம் ஒரு வேண்டுகோள்: நீங்கள் போடும் மதிப்பீட்டில் "53 கிரேடு" என்று மொத்தமாக எழுதாமல் வேலைவாரியாகப் பிரித்து எழுதும் மாதிரி ஒன்றை இங்கே பதிவிட முடியுமா? ஒப்பந்தக்காரர்கள் பலர் அந்த வரியை அப்படியே நகலெடுத்துத்தான் போடுகிறார்கள்.

---

சைட்_இன்ஜினியர்

இப்போதைக்கு இப்படி எழுதலாம். கட்டு, பூச்சு, பிசிசி, தரை: பிபிசி, ஐஎஸ் 1489. அடித்தளம்: பிபிசி, அல்லது உப்பும் சல்பேட்டும் உள்ள மண்ணில் ஸ்லாக் சிமென்ட், ஐஎஸ் 455. தூண், உத்திரம், தளம்: பிபிசி, ஆனால் 7 நாள் கியூப் சோதனை (கான்கிரீட் கட்டியை நசுக்கி வலிமை பார்ப்பது) முடிவு பார்த்துப் பலகை பிரிக்க வேண்டும், நீராற்றல் 14 நாள், சாக்கு போர்த்தி. பிரிஸ்ட்ரெஸ் (கம்பியை இழுத்துக் கட்டிய கான்கிரீட்) வேலைக்கு மட்டும் ஓபிசி. நீராற்றலுக்கு மதிப்பீட்டில் தனி இனம் போட்டுத் தொகை ஒதுக்குங்கள், இல்லாவிட்டால் யாரும் தண்ணீர் ஊற்ற மாட்டார்கள். சாக்கு, தண்ணீர், ஆள் கூலிக்கான விவரத்தை நாளை அட்டவணையாகப் போடுகிறேன்.